வழுக்கைத் தலை ராதை

எண்பதுகளில் பரதநாட்டிய வகுப்புக்குப் போன பெண்பிள்ளைகள் யாரும் சுதா சந்திரன் கதையிலிருந்து தப்பியிருக்க முடியாது. 1981இல் திருச்சிப் பக்கம் பேருந்து விபத்து, காயம் அழுகிப்போய்க் காலை எடுத்தது, ஜெய்ப்பூர் கால், 1984இல் மறுபடி மேடை. அப்புறம் அவர் கதையை அவரையே நடிக்க வைத்து ‘மயூரி’ என்று சினிமாவும் எடுத்தார்கள். “முட்டி வலிக்குது டீச்சர்” என்று யாராவது முனகினால் போதும், வகுப்பில் அந்தக் கதை ஒருமுறை ஓடி முடியும். கடைசி வரி மட்டும் யார் சொன்னாலும் மாறாது: “அது கட்டைக் கால்னு பாக்கறவாளுக்குத் தெரியவே தெரியாது!”

சின்ன வயதில் அது பெரிய பாராட்டாகத்தான் பட்டது. இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது. ஜெய்ப்பூர் காலை உருவாக்கிய கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும், நம் ஊர் ஆட்கள் தரையில் குந்தி உட்காரவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் தோதாக அதைச் செய்தவர்கள். தட்டடவு, நாட்டடவு என்று பரதநாட்டியத்தில் தரையைத் தட்டி ஆடும் அடிப்படை அடவுகள் அவர்கள் கணக்கில் இருந்திருக்காது. அந்தக் காலில் ஆடிப் பழகியபோது ரத்தம் கசிந்ததை சுதா சந்திரனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எடையை எங்கே வைப்பது, திரும்பும்போது எதை நம்புவது என்று ஒரு பெண் தரையோடு முதலிலிருந்து பழக்கம் பிடித்திருக்கிறார். பார்க்க வேண்டியது அதைத்தானே? நாம் என்னடாவென்றால் “தெரியவே இல்லை” என்று மார்க் போடுகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. “பாவம், இப்படி இருந்தும் எவ்ளோ நல்லா ஆடறா பாரு” என்று கர்சீப்பை எடுத்துக்கொள்ளும் கூட்டம். இவர்களுக்கு அந்தக் கால் மட்டும்தான் தெரியும். அவள் அன்றைக்கு என்ன ஆடினாள், தோடியில் வர்ணமா பைரவியில் வர்ணமா, ஒரே வரியை அபிநயத்தில் விரித்துக்கொண்டே போகும் சஞ்சாரி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. உச்சுக்கொட்டுகிறவர்களுக்கும் மார்க் போடுகிறவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆட்டம் காணாமல் போய்விடுகிறது.

மேடையில் உடம்பின் குறை என்ன செய்கிறது என்பது ரொம்ப நாளாக என்னைக் குடையும் விஷயம். கேளுசரண் மகாபாத்ராவின் ராதையிலிருந்து ஆரம்பித்தால் சொல்வது சுலபம்.

ஒடிசாவில் புரிக்குப் பக்கத்திலிருக்கும் ரகுராஜ்பூர்க்காரர், 1926இல் பிறந்தவர். சிறுவயதில் பெண்வேடம் கட்டி ஆடும் கோட்டிபுவா ஆட்டத்தில் ஊறியவர். ஒடிசி நடனத்தை இன்றைய மேடை வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். வயதான பிறகு அவர் ஆடிய பதிவுகள் இருக்கின்றன. திரை விலகியதும் நம் கண்ணில் படுவது வழுக்கைத் தலை, திறந்த மார்பு, அந்த வயதுக்குரிய சதை. பாடுவது ‘குரு யதுநந்தன’ அஷ்டபதி. ராதை-கண்ணன் காதலை ஜெயதேவர் பாடிய கீதகோவிந்தத்தின் கடைசியில் வருவது. கூடல் முடிந்து, அலங்காரம் எல்லாம் கலைந்து கிடக்கும் ராதை கண்ணனை வேலை வாங்குகிறாள்: மார்பில் கஸ்தூரியால் கோலம் போடு, கண்ணுக்கு மை எழுது, கூந்தலில் பூ வை. கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் எழுதிய பாட்டு.

கூந்தலுக்கு வரும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு முடிகூட இல்லாத அந்தத் தலைக்குப் பின்னால் கை போகிறது. சிரமம் எதுவும் இல்லாமல், தினமும் செய்கிற வேலை மாதிரி, விரல்கள் எதையோ அளைகின்றன. கழுத்து லேசாகச் சாய்கிறது. அவ்வளவுதான். பொய்முடி வைத்துக்கொண்டிருக்கலாம், ஜாக்கெட் போட்டு நகை மாட்டிக்கொண்டிருக்கலாம். கோட்டிபுவாவாக இருந்த சிறுவயதில் அதெல்லாம் செய்தவர்தான். பெரியவரான பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். இருபத்தைந்து வயது அழகி ஒருத்தி இதையே ஆடினால் நம் கண் அவள் மேலேயே தங்கிவிட வாய்ப்பு உண்டு. இங்கே தங்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கை எதைத் தொடுகிறதோ அங்கே நாமும் போயாக வேண்டும், வேறு வழியில்லை.

அப்படியென்றால் வயசாகிவிட்டால் போதும், தொந்தி விழுந்தால் போதும், அபிநயம் தானாக வந்துவிடுமா? அப்படி வருவதாக இருந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பத்ம விபூஷண் வாங்கியிருக்க வேண்டும்.

சில வருஷம் முன்பு சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவோடு கொஞ்சகாலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். தபால்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதில் நடித்தார். ‘சார்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு வலது கை நடுங்கும். நாடகத்தில் அவருக்கு அப்பா வேஷம். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கே போய்க் கடன் கேட்க வேண்டிய நிலைமையில் இருக்கும் அப்பா. சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து கொடுக்கிறாள். ஒத்திகையில் டம்ளரைக் கையில் வாங்கியதுமே டவராவோடு அது மோதி டக்டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. இயக்குநர் சின்னப் பையன், சங்கடப்பட்டுக்கொண்டே, “சார், காபியை எடுத்துடலாமா? சும்மா பேசிட்டே இருங்க” என்றான். சார் விடவில்லை. “ஏம்ப்பா, கடன் கேக்கப் போறவனுக்குக் கை நடுங்காதா?”

முதல் காட்சியில் நான் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சார் காபியை வாங்கினார். சத்தம் ஆரம்பித்தது. பெரிய சத்தமில்லை, ஆனால் சின்ன அரங்கம், கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். ரயில் லேட்டானது, வழியில் மழை என்று பேசிக்கொண்டே இடது கையால் டவராவைத் தாங்கி, கட்டைவிரலால் டம்ளரை அழுத்திப் பிடித்தார். சத்தம் நின்றது. ஊர் நிலவரம், பேரனுக்குப் பல் முளைத்தது, எல்லாம் பேசியாயிற்று. “ஒரு விஷயம்…” என்று இழுத்தார். கட்டைவிரல் நழுவியது. மறுபடி டக்டக்டக். சம்பந்தியாக நடித்த பெண் டம்ளரைப் பார்த்தாள், உடனே பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது ஒத்திகையில் இல்லாதது. கடன் கேட்கும் வசனத்தை அவர் சொல்வதற்கு முன்பே அரங்கில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முடிந்ததும் ஆளாளுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அந்தக் கையைத்தான். “சார், அந்த டம்ளர்!” என்றார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த காட்சியில் சார் டம்ளரைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கினார். பார்வையாளர் பக்கம் லேசாகத் திரும்பினார். கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் சத்தம் மணியடிக்கிற மாதிரி இருந்தது. யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்தச் சின்னப் பையன் அன்றைக்குத்தான் இயக்குநர் ஆனான் என்று சொல்வேன். சாரைத் தனியாகக் கூப்பிட்டு நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சார், நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. சத்தம் வராம பாத்துக்கோங்க. எப்பாடுபட்டாவது” என்றான். மறுநாள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். உடம்பின் பலவீனத்தை மேடையில் காட்டக் கூடாது, மறைக்கவும் கூடாது. அந்த உடம்புக்கு வேறு ஒரு அவசர வேலை இருக்க வேண்டும். சாருக்குக் கடன் கேட்டாக வேண்டும், கௌரவமும் போகக் கூடாது. கேளுசரணின் ராதைக்குக் கூந்தலில் பூ வேண்டும். வழுக்கையைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் கிடையாது.

நாகேஷை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், ஒடிசலான தேகம். ரோஸ் பவுடர் அப்பிய கதாநாயக முகங்கள் ஆண்ட அறுபதுகளின் தமிழ் சினிமாவில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆள் நுழைந்ததே பெரிய விஷயம். ‘திருவிளையாடல்’ தருமி கோயிலில் தனியாகப் புலம்பும் காட்சியில் அவர் உடம்பு ஓர் இடத்தில் நிற்காது. எலும்பும் தோலுமான அந்தத் தேகம் பரிதாபத்துக்காகக் காட்டப்படவில்லை. ஆயிரம் பொற்காசு கைக்கு வருமா வராதா என்ற தவிப்பில் அது தன்னையே மறந்துபோயிருக்கிறது. ஆனால் ஒன்று, ‘மகளிர் மட்டும்’ படத்தில் இதே நாகேஷ் பிணமாக நடித்தார். பிணத்துக்கு எந்த அவசர வேலையும் கிடையாது. இருந்தும் அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. என் கணக்குக்குள் அடங்காத ஆள், விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் புதுச் சிந்தனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரல், அதாவது இழிவாக உணர்வது, பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கைச் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. நாட்டிய சாஸ்திரம் சாத்விக பாவம் என்று எட்டைப் பட்டியல் போடுகிறது. வகுப்பில் அதைச் சுலோகமாக மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம், ஒரு வார்த்தை புரியாமல். அந்த எட்டும் என்னவென்று பாருங்கள்: உறைந்து நிற்பது, வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது, குரல் உடைவது, நடுங்குவது, முகம் வெளிறுவது, கண்ணீர் விடுவது, மூர்ச்சையாவது. எட்டுமே உடம்பு நம் சொல்பேச்சைக் கேட்காமல் செய்கிற காரியங்கள். ஐந்து வயதிலிருந்து அரைமண்டி, முழுமண்டி, நேர்கோட்டில் கை என்று உடம்பை வழிக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசிப் படியில் கொண்டுபோய், அதே உடம்பு கட்டுக்குள் நிற்காமல் போகும் எட்டு நிலைகளை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசிப் படிக்கு எப்படிப் போவது என்பதற்குத்தான் பாடத்திட்டம் கிடையாது. கண்ணாடி முன்னால் நின்று நடுங்கிப் பார்த்தால் குளிர்காய்ச்சல் மாதிரி இருக்கும்.

தெருக்கூத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், முரட்டு வழி. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பாரதக் கூத்தின் கடைசி ராத்திரி, பதினெட்டாம் போர். இரவு பத்து மணிக்கு மேல் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து கலகலப்பாக்கிவிட்டுப் போனான். அப்புறம் திரை பிடித்துத் துரியோதனன் வந்தான். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. லேசான மரம்தான், ஆனால் ராத்திரி முழுக்கச் சுமந்து சுழன்றால் எது லேசு? பன்னிரண்டு மணிக்கு அவர் குரல் ஆர்மோனியத்தையும் முகவீணையையும் தாண்டிக் கணீரென்று கேட்டது. மூன்று மணிக்கு மேல் ஸ்தாயியில் போகும்போது உடைந்தது. விடிகிற நேரத்தில் குரல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, காற்றும் கரகரப்பும்தான். அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்து வழியாக இறங்கியிருந்தது.

இத்தோடு விட்டால் பரவாயில்லை. காலையில் படுகளம் இருக்கிறது. களிமண்ணில் செய்த ராட்சசத் துரியோதனன் மைதானத்தில் மல்லாந்து கிடக்கிறான். ராத்திரி முழுக்க ஆடிய அதே ஆள், அதே கட்டைகளோடு, வெயிலில், அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன் மேலும் ஓட வேண்டும். பீமன் துரத்துவான். சுற்றிலும் குடை பிடித்த ஜனம், பெண்கள் தலையில் முந்தானை, குழந்தைகள் தோள்மேல். ஓர் இடத்தில் கால் மடங்கி அவர் உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்தார். ஓடவில்லை, நடந்தார். அந்த நடையைப் பார்த்ததும், அதுவரை பீமனுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே அடங்கிப்போயிற்று. தொடையில் அடி விழுந்தது. மண்ணுருவத்தின் தொடையிலிருந்து சிவப்பு எடுத்துத் திரௌபதி கூந்தலில் பூசி முடிந்தாள். பதினெட்டு நாள் பாரதத்தில் கெட்டவன் என்று பேர் வாங்கியவன் கீழே கிடந்தான், என் பக்கத்திலிருந்த பாட்டி அவனுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவரை வேப்பமரத்தடியில் பார்த்தேன். கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் சலங்கை அழுத்திய தடம் வரிவரியாக வீங்கியிருந்தது. அந்த இடத்தில் எப்படி அப்படி நடந்தீர்கள் என்று கேட்டேன், ஏதோ பெரிய நுட்பத்தைக் கேட்கிற தோரணையில். “ராத்திரிலாம் ஆடிட்டு வுழறப்ப நடிக்க இன்னாமா இருக்குது? எழுந்திருக்கணும்னுதான் பாத்தேன், வரல” என்றார்.

அந்தப் பதிலைத்தான் சபா மேடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏசி அரங்கில், மாலை ஏழு மணிக்கு, கூத்தைச் சுருக்கிப் போடுவார்கள். ஆட்டம் சுத்தம், குரல் சுத்தம், துரியோதனன் விழுவதும் ரொம்ப அழகாக விழுவான். கலைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்களுக்கு நகரத்து மேடையும் அந்தப் பணமும் தேவை. விடிய விடிய ஆடுவதால் என்ன கிடைக்கிறது என்று தெரியாமல், நீளம் என்று நினைத்து வெட்டியெறிகிற ஏற்பாட்டாளர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஆனால் இப்படி எழுதும்போது ஒரு பயமும் வருகிறது. வலியைக் கொண்டாடுவதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, முட்டியில் ஜவ்வு கிழிந்த பெண்ணை, “வலியிலதான் முகத்துல பாவம் வரும்” என்று சொல்லி அரங்கேற்றத்துக்கு ஆட வைத்தார். பாவம் ஒன்றும் வரவில்லை, ஆபரேஷன்தான் வந்தது. அந்தப் பெண் இப்போது ஆடுவதே இல்லை. சிமெண்ட் தரையில் வருஷக்கணக்காக அரைமண்டியில் தட்டிக்கொண்டிருந்தால் முட்டி என்ன ஆகும் என்பதற்கு என் முட்டியே சாட்சி. சரியான மரத்தரை வேண்டும், ஓய்வு வேண்டும், காயம் பட்டால் டாக்டரிடம் போக வேண்டும். கூத்துக்காரருக்கும் வீங்கிய காலுக்கு வைத்தியம் வேண்டும், கைநிறையக் கூலி வேண்டும். தன் உடம்பின் தளர்ச்சியை மேடைக்கு எடுத்துப்போவது ஆடுகிறவரின் விருப்பம். அடுத்தவர் உடம்பை நோகடித்து அதை வரவழைக்கிறேன் என்பது அயோக்கியத்தனம்.

ஜப்பானில் கசுவோ ஓனோ என்று ஒருவர் இருந்தார். யோகோஹாமாவில் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். 1929இல் தோக்கியோ இம்பீரியல் தியேட்டரில் ‘லா அர்ஹென்தினா’ என்று அழைக்கப்பட்ட ஸ்பானிய நடனக்காரி அந்தோனியா மெர்சேயின் ஆட்டத்தைப் பார்த்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த ஆட்டம் அவரை விடவே இல்லை. நடுவில் போர் வந்தது. சீனா, நியூகினி என்று ஒன்பது வருஷம் ராணுவம், கடைசியில் போர்க்கைதி. ஊர் திரும்பி ஆடினார், பள்ளியில் பாடம் நடத்தினார், பின்னர் பல வருஷம் மேடையை விட்டே விலகியிருந்தார். 1977இல், எழுபத்தொரு வயதில், அந்த ஸ்பானியப் பெண்ணுக்காக ஒரு தனி ஆட்டம் ஆடினார். பெண் உடை, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, பூச்சுக்குள் அடங்காத சுருக்கம். ஆரம்பத்தில் அவர் மேடையிலேயே இல்லை. பார்வையாளர் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்து மெல்ல மேடைக்கு நடந்து போனாள். அதுதான் ஓனோ.

அதை இயக்கிய தத்சுமி ஹிஜிகாதா 1928இல் அகிதாவில் பிறந்தவர். வடக்கு ஜப்பானில் குளிரும் சேறுமான நெல் பூமி. நடவுக்குப் போகும் பெற்றோர் கைக்குழந்தைகளை வைக்கோல் கூடையில் இறுக்கி உட்காரவைத்து வரப்போரம் விட்டுப்போவார்கள் என்றும், சாயங்காலம் தூக்கினால் மடங்கிய கால் நிமிராமல் குழந்தை துவண்டு விழும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த நிமிராத காலிலிருந்து ஒரு நடன வகையையே உண்டாக்கினார், புத்தோ என்று. பாலேக்காரர்கள் கால் நுனியில் எழும்பி மேலே போகப் பார்ப்பார்கள். இவர்கள் முட்டி வளைந்து, தோள் ஒடுங்கி, தரையோடு தரையாக ஆடுவார்கள்.

ஓனோ அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. தொண்ணூறைத் தாண்டி நிற்க முடியாமல் போனபோது நாற்காலியில் உட்கார்ந்து கையால் ஆடினார். மகன் யோஷிதோ தாங்கிக்கொள்வார். 2010இல் நூற்றுமூன்று வயதில் இறந்தார். அந்தக் கைகளைப் பதிவுகளில் பார்க்கலாம். பூவை எட்டிப் பிடிக்கப்போவது போல விரல்கள் விரியும், பாதியில் நின்றுவிடும், மறுபடி முயலும். இருபத்திரண்டு வயதில் தூரத்திலிருந்து பார்த்த ஒருத்தி மாதிரி ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. கடைசிவரை ஆக முடியவில்லை, முடியவும் முடியாது. நம் பதங்களில் நாயகி வராதவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பதும் கிட்டத்தட்ட இந்தக் காரியம்தான்.

இந்த இடத்தில் யாராவது என்னைக் கேட்க வேண்டும்: உன் உதாரணம் எல்லாம் ஏன் ஆம்பிளைகளாகவே இருக்கிறது என்று. கேளுசரணின் வழுக்கை, ஓனோவின் சுருக்கம், நாகேஷின் தழும்பு. நியாயமான கேள்வி. கிழவரின் தளர்ச்சியை மகான் லெவலுக்குத் தூக்கி வைக்கும் அதே ஆட்கள், பெண் ஆடினால் சபா கேண்டீனில் ரவா தோசைக்குக் காத்திருக்கும்போது என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். “இன்னுமா ஆடறா?” “உடம்பைக் கொஞ்சம் குறைச்சா தேவலை.” “சின்னப் பொண்ணு மாதிரி கிருஷ்ணனைக் கூப்பிடறதெல்லாம் இந்த வயசுல…” காஸ்ட்யூம் தைக்கிறவர்கூட நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு முன்பக்க விசிறி மடிப்பைக் கொஞ்சம் பெரிதாக வைக்கட்டுமா என்று தானாகவே கேட்கிறார், வயிறு தெரியாமலிருக்க.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் இதற்குத் தப்பவில்லை. வீணை தனம்மாளின் பேத்தி, ஏழு வயதில் 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். நாற்பதுகளில் குரு கந்தப்பா பிள்ளை இறந்துபோனார். தேவதாசி முறையை ஒழிக்கும் இயக்கத்தோடு அந்தக் குடும்பங்களின் மேடையும் சுருங்கியது. அவருக்கும் உடல்நலம் கெட்டது, உடம்பு கனத்தது. நேர்கோடும் மெலிந்த இடையும் நாட்டியத்தின் அடையாளமாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அளவுக்குள் அவர் அடங்கவில்லை, அடங்க முயன்றதாகவும் தெரியவில்லை. 1962இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழா, 1963இல் எடின்பரோ. அப்போது நாற்பத்தைந்து வயது. பாலேக்காரிகள் பெரும்பாலும் சலங்கை இல்லாத தங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிடும் வயது. 1973இல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கிய முதல் நாட்டியக் கலைஞர் அவர்தான்.

சத்யஜித் ராய் பதினான்கு வயதுப் பையனாக 1935இல் கல்கத்தாவில் அவர் ஆட்டத்தைப் பார்த்திருந்தார். ஆவணப்படம் எடுக்க வாய்த்தபோது 1976 ஆகிவிட்டது, பாலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வைக் கடற்கரையில் ஆட வைத்திருக்கிறார். நாட்டிய ரசிகர்களில் பலருக்கு இன்றுவரை அந்தக் காட்சி பிடிக்காது. காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது, முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, இவ்வளவு பெரிய கலைஞரை ஸ்டுடியோவில் நல்ல வெளிச்சத்தில் அழகாக எடுத்திருக்கலாமே என்பார்கள். அவர் இளமையில் ஆடியதைப் படம் பிடித்திருக்கக் கூடாதா என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

ஆனால் ஸ்டுடியோ கட்சியில் மட்டும் நான் சேரமாட்டேன். கனத்த உடம்புள்ள ஒரு நடுவயது அம்மாள், கடலையும் காற்றையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை வா என்று கூப்பிடுகிறாள். காற்று அவளை ஒரு பக்கம் இழுக்கிறது. அவள் கை கேட்கிற குழந்தை இன்னொரு பக்கம் நிற்கிறது. அவளுக்குச் சேலையைப் பற்றிக் கவலையே இல்லை. கவலைப்படுவது நாம்தான், அதுவும் முதல் ஒரு நிமிஷத்துக்கு.